கேட் மூடியிருக்கும் நேரம்

நீடாமங்கலத்தில் கேட் மூடினால்
எப்போது திறக்கும் என்று யாரும் கேட்பதில்லை.
இன்ஜினை அணைத்துவிட்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்குகிறார்கள்.
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
சாலை வளைகிற முனையில் என் கொட்டகை.
முன்பு உரமூட்டை அடுக்கியிருந்த இடம்.
மழைநாளில் இன்னும் யூரியா வாடை வரும்,
கண்ணாடிகளின் முதுகிலிருந்து.

பதினோரு கண்ணாடிகள்.
ஏழு, வைரக்கண்ணு சலூனைப் புதுப்பித்தபோது
எடைக்குப் போட இருந்தவை.
மூன்று, பீரோக் கதவுகள்.
ஒன்று லாரியின் பக்கக் கண்ணாடி,
எதையும் சின்னதாக்கித் தள்ளி வைத்தே காட்டும்.
அதனாலேயே அதைப் பிடிக்கும்.

புரொஜெக்டர் கூத்தாநல்லூரில் வாங்கியது.
கல்யாண மண்டபத்தில்
மாப்பிள்ளை பெண் பெயரை ஓடவிட்டுச் சலித்த மெஷின்.
இடது ஓரம் பச்சையடிக்கும்.
நான் அதில் படம் காட்டுவதில்லை.
கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.
கோடு முதல் கண்ணாடியில் மோதித் திரும்பும்,
இரண்டாவதில் மடங்கும்,
சாம்பிராணிப் புகையில் பலகையாகும்,
பலகை கதவாகும்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே அறுபது பாகை வைத்தால்
ஒரு பொருளுக்கு ஐந்து பிம்பம்.
நாற்பத்தைந்துக்கு ஏழு.
கணக்கு அதுவரை வரும்.
அதற்கப்புறம் ஒரு செங்கல்லை
விரல் நுனியால் இம்மி தள்ள வேண்டும்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
நேற்று ராத்திரி அப்படித் தள்ளியதில்
மேற்குச் சுவர் இல்லாமல் போனது.
அங்கே ஒரு நடை.
நடையின் கடைசியில் இடப்பக்கம் திரும்பும் வெளிச்சம்.
திரும்பி எங்கே போகிறதென்று
எனக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து
வாடகை கேட்க வந்தார் அமிர்தகடேசன்.
ஒரு செருப்பைக் கழற்றியவர்
மறு செருப்போடு நின்றுவிட்டார்.
"சுவத்த இடிச்சியா?"
இல்லை என்றேன்.
"பின்னாடி ராவுத்தர் மனையாச்சே, அதுலயா எறங்கியிருக்கே?"
இல்லை என்றேன்.
கையை நீட்டிக்கொண்டு நடந்தார்,
இருட்டில் ஸ்விட்ச் தேடுகிறவர் போல.
ஏழு அமிர்தகடேசன்கள் எதிரே வந்தார்கள்.
ஏழு பேருக்கும் மடித்துக் கட்டிய வேட்டி.
ஒருவர் மட்டும் பச்சை.
சுவரில் விரல் முட்டியதும்
"மூணு ரூமுக்கு உண்டான வாடகையில்ல நீ குடுக்கிறது" என்றார்.
சிரிக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது.

நடை போனது. ஏழு பேரும் போனார்கள்.
புரொஜெக்டரின் விசிறி இன்னும் இரண்டு சுற்று சுற்றி
ஓய்ந்தது.
மெழுகுவத்தி தேடும்போது
காலடியில் செங்கற்கள் நடுங்கத் தொடங்கின.

நெல்மூட்டை ஏற்றிய கூட்ஸ்.
அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ்
ஹெட்லைட்டை அணைக்காமல் நின்றிருக்க வேண்டும்.
வேகனுக்கும் வேகனுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக
வெளிச்சம் பாய்ந்து
திறந்த கதவில் நுழைந்து
முதல் கண்ணாடியில் பட்டது.
பட்டு, அணைந்து,
பட்டு, அணைந்து.

நான் ஒன்றும் செய்யவில்லை.
நடை தானாகத் திரும்பி வந்தது,
ஆனால் என்னுடையது இல்லை.
மஞ்சளாக, அகலமாக,
தூணும் இடைவெளியுமாக ஓடிக்கொண்டிருந்தது.
அதற்குள் ஒரு நிழல், தலையில் கூடை.
ஒரு வேகனுக்கு ஓர் எட்டு,
அடுத்த வேகனுக்கு அடுத்த எட்டு,
பதினோரு கண்ணாடியிலும்
வேறுவேறு திசைக்குப் போய்க்கொண்டிருந்தாள் ஒருத்தி.
அமிர்தகடேசன் வேகன்களை எண்ணிக்கொண்டிருந்தார்,
சத்தமாக, சின்னப் பையன் போல.
நாற்பத்தியிரண்டில் கார்டு பெட்டி.

ரயில் போனபின் வெளிச்சம் நின்று எரிந்தது.
நின்று எரிந்ததும்
அது வெறும் பஸ் வெளிச்சம்.
சுவரில் யூரியாக் கறை.
கேட் தூக்கியதும் ஹார்ன்கள்.

பிறகு வாசலில் ஒரு குரல், "வெள்ளரி வேணுமாங்க?"
நிழலைவிட மிகவும் குள்ளமான பெண்.
பத்து ரூபாய்க்கு வாங்கி
எனக்கு ஒன்று கொடுத்தார் அமிர்தகடேசன்.
வாடகையை இன்னும் கேட்கவில்லை.
இருட்டில் கடித்துக்கொண்டே
மேற்குச் சுவரை
அங்கங்கே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.