ஓ.டி.

சேர்க்கை நாளில் முதலில் கேட்டது
எந்த இடத்தில் ஆடுவாய் என்றுதான்.
கோல்கீப்பர் என்றேன்.
உயரம் குறித்தார்கள்.
இடது முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னார்கள்.
பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது
கல்லூரியில் பாடங்களும் உண்டென்று.

பி.காம். கேட்டேன்.
எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார்கள்.
விளையாட்டு ஒதுக்கீட்டில் மிச்சமிருந்தது
இயற்பியலில் ஒரே ஒரு இடம்.

அப்படித்தான் விழுந்தோம்
ஆளுக்கொரு துறையில்.
லெஃப்ட் அவுட் ஒச்சம்மாளுக்கு மனையியல்.
உசிலம்பட்டியில் அடுப்புப் பக்கமே போகாதவள்
பெனால்டி கார்னருக்கு நிற்கும்போது
கேழ்வரகில் எத்தனை மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்று
ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள்.
சென்டர் ஹாஃப் பத்மலோசனிக்குப் புள்ளியியல்.
நாங்கள் வாங்கிய கோல்களின் சராசரியும் திட்ட விலக்கமும்
யாரும் கேட்காமலே அவளிடம் இருக்கின்றன.
நஸ்ரினுக்குத் தமிழ்.
அவள்தான் கண்டுபிடித்தாள்,
வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே போடும்
ஓ.டி.
உண்மையில் ஒரு வினையெச்சம் என்று.
ஓடி.
முடிய இன்னொரு வினை வேண்டும்,
அதுவரை தொங்கிக்கொண்டே நிற்கும் என்றாள்.
எங்கள் அரியர் பட்டியலைப் போல என்றாள் ஒச்சம்மாள்.

ஒளியியல் எடுக்கும் செசிலியா மேடம் சொல்வார்:
உன் ஆட்டமே இயற்பியல்தானேம்மா,
கோணம், வேகம், உந்தம்.
நானும் தலையாட்டுவேன்.
பந்து கிளம்பி வரும்போது
என் தலைக்குள் இருக்கும் ஒரே சமன்பாடு
ஐயோ.

ஏப்ரலில் இரண்டும் ஒரே நாளில் வந்தன.
பசுமலையில் ஒளியியல் அரியர், பத்திலிருந்து ஒன்று.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அரையிறுதி, இரண்டேகால்.
கிட் பையைத் தேர்வறை வாசலில் வைத்தேன்.
கண்காணிப்பாளர் மூக்கைச் சுளித்துக்கொண்டே
ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தட்டினார்,
துண்டுச்சீட்டு விழுகிறதா என்று.
போன வருஷத்து மண் விழுந்தது.

பதினேழாம் கேள்வி:
நியூட்டன் வளையங்களின் மையம்
ஏன் கருப்பாக இருக்கிறது?
வளையங்களை அழகாக வரைந்தேன்.
வளைகோலுக்குச் சுற்றும் டேப் உருளையை வைத்து
வட்டம் போட்டேன்.
நடுவில் பென்சிலால் கருப்பும் தீட்டினேன்.
ஏன் என்பதற்கு மட்டும்
நாலு வரி இடம் விட்டேன்.
பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்துவிட்டேன்.

மைதானத்தில் ஒன்றுக்கு ஒன்று.
ஷூட் அவுட்டில் மூன்றைத் தடுத்தேன்.
நான்காவது
இரண்டு பேடுகளுக்கும் நடுவே போனது,
இடைவெளி இல்லை என்று நான் சத்தியம் செய்யக்கூடிய இடத்தில்.
பலகையில் மோதிய சத்தம் கேட்டுத்தான்
திரும்பினேன்.
பத்மலோசனி நோட்டைத் திறக்கவில்லை அன்று.

பெரியாரில் திருமங்கலம் பஸ் ஏறி
பழங்காநத்தம் தாண்டும்போது
பதில் வந்தது.
இரண்டு கண்ணாடியும் தொடும் புள்ளியில்
தடிமன் சுழி.
ஆனாலும் கீழே பட்டுத் திரும்பும் அலை
அரை அலை பிந்துகிறது.
ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிறது.
ஐந்து மார்க்.
கூப்பிட்டு நஸ்ரினிடம் சொன்னேன்.
இடைவெளியே இல்லாத இடத்தில்தான் இருட்டு, அப்படித்தானே,
உன் கோல் மாதிரியே என்று ஆரம்பித்தாள்.
உவமை சொன்னால் போனை வைத்துவிடுவேன் என்றேன்.
சொன்னாள்.
வைத்துவிட்டேன்.

கண்டக்டர் வந்தார்.
பெண்களுக்கு டிக்கெட் இல்லை,
பைக்கு உண்டு என்றார்.
பையை ஒருமுறை பார்த்தார்,
பக்கத்து சீட்டில் யாரும் உட்காராததையும் பார்த்தார்.
உள்ளே என்ன?

ரெக்கார்டு நோட்டு என்றேன்.
பொய் இல்லை.
வலது பேடுக்குள் சொருகியிருந்தது,
திங்கட்கிழமை கையெழுத்து வாங்க வேண்டியது,
அட்டை முழுக்க ஈரம்.

லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.
எதிலாவது வைக்க வேண்டுமே என்று
நோட்டில் ஒன்பதாம் பரிசோதனைப் பக்கத்தில் வைத்தேன்.
அங்கே நோக்கம் மட்டும் எழுதியிருந்தது.