தடுக்கப்பட்டவை

ஈசூன் பள்ளியொன்றில்
ஆயிரத்து நூற்று நாற்பது மடிக்கணினிகளுக்கு
நான் பொறுப்பு.
கீல் உடைந்தவை, மைலோ குடித்தவை,
ஓர் எழுத்தை மட்டும் விழுங்கிக்கொண்டவை
எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

காலை ஆறே முக்காலுக்கு,
பையில் கட்டி வாங்கிய கோப்பி-ஓ கதவுப் பிடியில் தொங்க,
முந்தைய இரவின் பட்டியலைத் திறப்பேன்.
வடிகட்டி தடுத்தவை:
கணினி எண், நேரம், கேட்ட வாசகம்.

பெரும்பாலும் சிரிப்புதான்.
உயர்நிலை ஒன்றில் ஒருவன்
ஒரே விளையாட்டின் பெயரை
ஏழு விதமாகப் பிழைவிட்டு எழுதிப் பார்த்திருப்பான்.
ஒருத்தி கேட்டிருந்தாள்,
பள்ளி வடிகட்டியை ஏமாற்றுவது எப்படி என்று.
வடிகட்டியிடமே கேட்டிருந்தாள்.

இன்றைக்கு அப்படியில்லை.

2:14. அனுப்பிவிட்ட படத்தைத் திரும்பப் பெற வழி உண்டா.
தடுக்கப்பட்டது.
2:16. எல்லாருக்கும் காட்டுவேன் என்கிறான்.
இது கேள்வியே இல்லை,
தேடல் பெட்டிக்குள் யாரோ பேசியிருக்கிறார்கள்.
தடுக்கப்பட்டது.
2:31. பதிமூன்று வயதென்றால் என்னையும் பிடிப்பார்களா.
தடுக்கப்பட்டது.

அதன் பிறகு ஒன்றுமில்லை.
தூங்கியிருக்கலாம்.
தடைச்சொல் இல்லாமல் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கலாம்.
பட்டியலில் தடுத்தது மட்டுமே வரும்,
கிடைத்தது வராது.

ஆங்கிலத்தில்தான் கேட்டிருந்தது.
எனக்குள் தமிழில் விழுந்தது.

மூன்றையும் தடுத்தது ஒரே சொல்.
மேலே அதை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.
மார்ச் மாதக் கூட்டத்தில்
அதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவன் நான்.
நல்ல யோசனை என்றார் துணை முதல்வர்.
எல்லாரும் கறிபஃப் சாப்பிட்டோம்.

ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை பார்த்தது
சிவப்புப் பலகை:
'இப்பக்கம் பள்ளி விதிகளுக்கு உட்பட்டதன்று.
உங்கள் முயற்சி பதிவுசெய்யப்பட்டது.'
தங்கையோ தம்பியோ கீழ்த்தட்டில் தூங்க,
வீவக வீட்டின் மேல்தட்டுக் கட்டிலில்,
போர்வைக்குள் சிவப்பாக விழுந்திருக்கும்
அந்த இரண்டாவது வரி.

கணினி எண் 0773.
எனக்குத் தெரியும் இதை.
போன செவ்வாய் விசை சிக்கியதென்று வந்தது.
கேமராக் கண்மேல்
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்.
அழுக்கென்று நினைத்தேன்.
உரித்தேன். பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
புதுசு மாதிரி இருக்கு பாரு, என்றேன்.
குளிராடைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு
நன்றி சொல்லிவிட்டுப் போனது.

மண்டபத்தில் இது இணைய நல வாரம்.
அட்டைப்பெட்டியில் செய்த ஆமை
கடவுச்சொல்லை ஓட்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறது.
நல்ல ஆமை.
அதனிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

ஆலோசகர் ஹஸ்லிண்டா ஏழு பத்துக்கு வருவார்.
படிக்கட்டிலேயே காத்திருந்தேன்.
பெயரைச் சொல்ல வாயெடுத்ததும்
இங்கே வேண்டாம், என்றார்.
கதவைச் சாத்திய பிறகு
மூன்று வரிகளையும் இரண்டு தடவை படித்தார்.
யாரென்று கேட்பதற்கு முன்
எப்போது சாப்பிட்டிருக்கும் என்று கேட்டார்.
எனக்குப் புரியவில்லை.
இரண்டரை வரை விழித்திருந்த பிள்ளை
காலையில் சாப்பிட்டிருக்காது, என்றார்.
மேசைக்கடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார்.
அதற்கப்புறம்தான் பெயர்.

திரும்பி வந்து
சிவப்புப் பலகையைத் திறந்தேன்.
மாற்ற வேண்டுமென்றால் படிவம் உண்டு,
நிறுவனத்தின் அனுமதிக்கு மூன்று வேலைநாள்.
படிவத்தில்,
நீக்க வேண்டிய வாசகம்: எழுதினேன்.
சேர்க்க வேண்டிய வாசகம்:
பயப்படாதே என்று எழுதிப் பார்த்தேன்.
அழித்தேன். பயப்படாமல் எப்படி?
நாங்கள் இருக்கிறோம்.
யார் அந்த நாங்கள், அதையும் அழித்தேன்.
கடைசியில் அறை எண்ணைப் போட்டேன்.
02-11. ஏழு பத்திலிருந்து. பிஸ்கட் இருக்கும்.
நிறுவனம் பிஸ்கட்டை வெட்டிவிடும்.

தேசிய கீதம் தொடங்கியது.
அறையில் தனியாக எழுந்து நின்றேன்.
ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகத் தலைகள்.
தேடினால் கண்டுபிடித்துவிடுவேன்.
கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.