பதினோராவது வாய்

மிக்கேல் பைப்பு இழுத்து முடிச்ச அன்னைக்கு
எண்ணிப் பாத்தேன்.
பதினோரு இடத்துல சுவரு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கு.
பாத்ரூம்ல மூணு, கக்கூஸ்ல ரெண்டு,
அடுக்களையில ரெண்டு, மாடியில ரெண்டு,
வாசல்ல ஒண்ணு,
பொறவாசல்ல ஒண்ணு.
கையில இருந்தது ஒம்பதாயிரத்து அறுநூறு.

திசையன்விளையில பொன்னுலிங்கம் அண்ணாச்சி கடை.
தண்ணியையே கண்டிராத டேப்பெல்லாம்
கல்யாண வீட்டுக்கு வந்தது மாதிரி
சுவரு நெறைய மினுக்கிக்கிட்டு நிக்கு.
போனைத் திருப்பிக் காட்டுனேன்.
அந்தப் பக்கம் அவிய, தோகாவுல,
ரெண்டடுக்குக் கட்டில்ல மேத்தட்டுல
தலை இடிக்காம குனிஞ்சு உக்காந்துக்கிட்டு.

அவியளுக்குத் தொழிலே இதுதான்.
கை நீட்டுனா ஊத்தும், எடுத்தா நிக்கும்,
அந்த மாதிரி டேப்பு நானூறு
ஒத்த ஓட்டல்ல மாட்டிருக்காவ.
ஒண்ணுலகூட கை கழுவுனதில்ல.

"சுயம்பு, தூக்கிப் பாரு. கனம் இருக்கா?"
இருக்கு.
"எவ்வளவு?"
அரைக்கிலோக் கருப்பட்டி அளவு.
"ஒத்த ரூவாத் துட்டால தட்டு.
போன் பக்கத்துல வச்சுத் தட்டு."
தட்டுனேன்.
கடலுக்கு அந்தப் பக்கம் காதச் சாய்ச்சுக் கேட்டுட்டு
"துத்தநாகம். வை அந்தால"ன்னாவ.
அண்ணாச்சிக்கு மூஞ்சி
வாடுன கத்திரிக்கா.

நாலாவதா தட்டுனது பித்தளை.
வாயில சல்லடை வச்சது,
தண்ணி நொரை நொரையா விழுமாம்,
அதையே எடுன்னாவ.
மாட்டேன்னேன்.
நம்ம போர் தண்ணியில பருப்பு வேவாது.
மாசம் ஒருக்க உப்பு அடைக்கும்,
ஊக்கு வச்சுக் குத்திக்கிட்டு நிக்கப்போறது யாரு?
அங்க தண்ணி ஏவுன பிள்ளை மாதிரி ஓடி வருது.
இங்க ஆத்துத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்க,
ராத்திரி ரெண்டு மணிக்கு.
மொதல்ல இருமும்.
பொறவு செம்மண்ணத் துப்பும்.
அதுக்கும் பொறவுதான் தண்ணி.

சத்தத்தக் காணும்.
நெட்டு போயிட்டுன்னு நெனச்சேன்.
போகல.
"நீ சொல்லுததுதான் சரி"ன்னாவ.
கல்யாணமாகி ஏழு வருசத்துல
இது ரெண்டாவது தடவை.

அதுக்கப்புறம் அவியளக் கேக்கல.
கண்ண மூடிக்கிட்டு
ஒவ்வொண்ணாத் திருகிப் பாத்தேன்,
சாளை கழுவுன கையா நெனச்சு,
சோப்பு நொரைக் கையா நெனச்சு,
பிள்ளைய இடுப்புல வச்சிருக்க கையா நெனச்சு.
உருண்டைப் பிடி வழுக்கும்.
முழங்கையால தட்டுனாத் தொறக்கணும்.
பிடி நீண்டது எட்டு எடுத்தேன், அடுக்களைக்குக்
கழுத்து வளைஞ்சது ஒண்ணு.
வாசலுக்கு மட்டும் பிளாஸ்டிக்.
எதுத்த வீட்டுல பித்தளை மாட்டி
ஒரு விடியக்காலம் மொட்டைப் பைப்புதான் மிஞ்சிச்சு.

பத்து ஆச்சு. கையில முன்னூத்தி நாப்பது.
"பொறவாசலுக்கு நூத்திப்பத்துல
ஒண்ணு கெடக்கு தாயி"ன்னாரு அண்ணாச்சி.
வேண்டாம், ஒரு மூடி தாங்கன்னேன்.
செவப்பு மூடி. ஏழு ரூவா.

மரையில வெள்ளை டேப்பச் சுத்திச் சுத்தி
பத்தையும் மாட்டிட்டு மிக்கேல் கேட்டான்,
"பொறத்தால என்னக்கா, துட்டு பத்தலையா?"
ஆமான்னேன்.

ராத்திரி படம் புடிச்சு அனுப்புனேன்.
அவிய எண்ணிட்டாவ.
"ஒண்ணு கொறையுதே."
அந்த மரைக்கு அளவு கெடைக்கலன்னேன்.

அரை இஞ்சு மரைக்கு அளவு கெடைக்காத கடை
இந்த ஒலகத்துலயே கெடையாது.
அது எனக்கே தெரியும்.
அவியளுக்குத் தெரியாதா.

கொஞ்ச நேரம் மேத்தட்டுல
மின்விசிறி சுத்துத சத்தம் மட்டும் கேட்டுச்சு.
பொறவு சொன்னாவ,
"மிக்கேல்ட்ட சொல்லு,
மூடிய ரொம்ப இறுக்க வேண்டாம்."