கடைசி இரண்டு நாள்

அச்சகத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.
எழுதுகிறேன்.

சனிக்கிழமை, காவேரிப்பட்டணம்.
ஏழு மணி என்று போடுங்கள், எட்டரைக்குத்தான் தொடங்கும்.
பிள்ளையார் பாட்டு முடிவதற்குள்
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு நிற்கும்.
திம்மராஜ் இறங்கிப்போய் அதன் விலாவில் ஓர் உதை விடுவான்.
சித்திரையிலிருந்து அந்த உதையும் நிகழ்ச்சி நிரலில் உண்டு.
அதை அச்சடிக்க வேண்டாம்.

நாகரத்னா பாடுவாள்.
முப்பத்தெட்டு மேடை பாடிய தொண்டை,
மிளகும் பனங்கற்கண்டும் போட்டு ஒப்பேற்றி வந்தது.
மேலே எட்டாது என்று எங்களுக்குத் தெரியும்.
எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கிவிட்டோம்.
யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.
அமானுல்லாவுக்குத்தான் கஷ்டம்,
அவன் வேறு குழல் எடுக்கவேண்டும்,
புதுசு, இன்னும் உதட்டோடு பேசவில்லை.

எட்டாவது பாட்டில் மழை வரலாம்.
வந்தால் தார்ப்பாய் முதலில் மிக்சருக்கு,
அப்புறம் வயலின்களுக்கு,
மிச்சமிருந்தால் எங்களுக்கு.
கூட்டம் கலையாது.
பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு
நின்றே கேட்கும்.
அந்த ஊர் அப்படி.

ஞாயிறு, கிருஷ்ணகிரி, மாங்கனிக் கண்காட்சி மைதானம்.
மல்கோவா போயாயிற்று. அல்போன்சா போயாயிற்று.
பெங்களூரா மொத்தமும் ஆலைக்கு லாரி ஏறிவிட்டது.
நீலம் மட்டும் பாக்கி.
நாங்களும் நீலம்தான்,
எல்லாரும் தின்று முடித்த பிறகு வருகிறவர்கள்,
பொடிசு.
உள்ளே வண்டிருக்கிறதா என்று
வெட்டாமல் சொல்ல முடியாது.

அன்றைக்கு மேடையில் பதினேழு பேர்.
ஓசூரிலிருந்து ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இரண்டு வயலின்.
எலத்தகிரியிலிருந்து அருள்சேகரும் அவர் செல்லோவும்,
பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.
போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்ற மாதையன் டிரம்பெட்.
பத்து மணிக்கு மைக்கை நிறுத்தியாக வேண்டும்.
அதற்குக் கால்மணி நேரம் முன்னால்,
பாட்டெல்லாம் தீர்ந்த பிறகு,
ஒன்று வாசிக்கப் போகிறோம்.
படத்தில் வந்ததல்ல.
சொல் கிடையாது.
ஒன்பது நிமிடம்.
மாங்கூழ் ஆலையில் டின் எண்ணுகிற வேலை எனக்கு.
எண்ணிக்கை தப்பிய நாட்களில் எழுதியது.

அச்சகக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.
"பாடறது யாருன்னு போடட்டும்?"
யாருமில்லை.
"அப்ப இந்த வரிய எடுத்துடலாமா?
உரக்கடைக்காரர் எடம் கேட்டுக்கினே இருக்காரு."

எடுக்க வேண்டாம்.
'வாத்திய இசை' என்று போடுங்கள்,
சின்ன எழுத்தானாலும் சரி.

என்ன நடக்குமென்று எனக்குத் தெரியும்.
முதல் நிமிடம், கருவிகளைச் சரிபார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள்.
இரண்டாவதில் ஒரு விசில்.
மூன்றாவதில் பின்வரிசை எழுந்து
நீலம் கிலோ எவ்வளவு என்று கேட்கப் போகும்.
நான்காவதில் பைபாஸில் ஏதாவது ஒரு லாரி ஹார்ன் அடிக்கும்,
ஏறக்குறைய காந்தாரம்.
அதை அப்படியே பிடித்துக்கொள்ள மாதையனிடம் சொல்லியிருக்கிறேன்.
லாரிக்காக இரண்டு ஆவர்த்தனம் காலியாகவே விட்டிருக்கிறேன்.
வராவிட்டால் அந்த இடம் சும்மா இருக்கட்டும்.

ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் தெரியாது.
ஒத்திகையில் நாங்கள் அதைத் தாண்டியதே இல்லை.
ஒருநாள் கரண்ட் போனது.
ஒருநாள் ஓசூருக்குக் கடைசி பஸ் வந்துவிட்டது.
ஒருநாள் காரணமே இல்லை,
எல்லாரும் ஒன்றாக நின்றுவிட்டோம்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல் வில்லைத் துடைத்தோம்.

புரூஃப் வருகிறது.
தேதி சரி. இடம் சரி. அனுமதி இலவசம், சரி.
கீழே, சின்ன எழுத்தில்,
'வாத்திய இச்சை' என்று விழுந்திருக்கிறது.

திருத்தச் சொல்லலாம்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு,
பதினேழு பேரை மூட
எத்தனை மீட்டர் தார்ப்பாய் பிடிக்கும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.