ஜி செவன்

இடவப்பாதி மழை. நெய்யூர்ப் பக்கம்
ரப்பர் மரம் விழுந்து லைன் அறுந்து
இரண்டாம் ராத்திரி.
திங்கள்நகர்க் கடையில், மேசைமேல்
நான் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்,
காலடியில் லாரி பாட்டரி.

இரண்டு மாஸ்ஃபெட். ஆளுக்குப் பத்து மில்லிசெகண்ட்.
ஒருத்தன் இழுத்து விட்டதும் மற்றவன் இழுப்பான்.
வளைவு கிடையாது. செங்குத்தாய் ஏறி
மட்டமாய் நின்று செங்குத்தாய் விழும்.

உள்ளே போவது சதுரம்.
இரும்புக்குள் காந்தம் அதைச் சாய்த்து
முக்கோணமாய் ஏறி இறங்குகிறது.
மறுபக்கம் வரும்போது பழையபடி சதுரம்.
நடுவில் நடந்ததை இரும்பு சொல்வதில்லை,
சூடாகிறது, அவ்வளவுதான்.

கொயர் கீபோர்டுக்காரி ஷெர்லின் சுபா
குடையை மடக்காமலே வாசலில் நின்றாள்.
நாளைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை.
ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். முனங்கியது.
"நில்லுங்க" என்று தலையைச் சாய்த்தாள்.
"இது இரைச்சல் இல்லண்ணே, கார்டாக்கும். ஜி.
அதுக்கு மேல டி, பி. பொறவு மெலிசா ஒரு எஃப்.
ஜி செவன்."

ஐம்பது, நூற்றைம்பது, இருநூற்றைம்பது, முந்நூற்றைம்பது.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு.
இருபது வருஷமாய் இதை நான்
நஷ்டக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

"மத்ததெல்லாம் ஒரு நூல் ஏத்தம்.
எஃப் மட்டும் சுத்தமா நிக்கு.
ஆனா இதுல நிக்கப்பிடாது, சி-க்குப் போவணும்.
போவாம நிக்கதுதான் பல்லு கூசுது."

சி-க்குப் போக எனக்கு வழி தெரியாது.
இரண்டு கன்டென்சரும் ஒரு சோக்கும் உண்டு.
சால்டர் புகை. முதலில் எஃப் போயிற்று,
பிறகு பி. டி மட்டும்
ஷட்டர் இடுக்கில் சாரல் மாதிரி.
இரும்பைத் தொட்டேன்: காய்ச்சல் விட்ட நெற்றி.
"ஜியும் டியும் மட்டும்னா
அதுக்குப் பேரே பவர் கார்டு" என்று
அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

பதினொன்றே காலுக்குக் கரண்டு வந்தது.
ஆசையாய் ஸ்கோப்பில் பார்த்தேன்.
சைன்தான். உச்சியில் மட்டும் ஒரு மழுங்கல்,
தெருத்தெருவாய் டிவியும் சார்ஜரும்
ஒரே நேரத்தில் கடித்த இடம்.
வா, பார் என்றேன். வரவில்லை.
கவுண்டர் கண்ணாடிமேல் மூன்று விரலால்
சத்தமில்லாமல் சி-யை அழுத்திக்கொண்டிருந்தாள்.
அவள் குடைத் தண்ணீர்
பாட்டரியை நோக்கி வந்தது.
நான் துணி தேடினேன்.