மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்

காலையில் துளையிட்டுப் பார்த்த சிக்ஸ்டன்
பனிப்பாளம் எழுபது சென்டிமீட்டர் என்று
பலகையில் எழுதிவிட்டுப் போனார்.
ஏரிக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
காருக்குள் நான்,
முதுகுக்குப் பின்னால் அடைத்த அறுநூற்றுப் பத்துக் குதிரைகள்,
மடியில் ஒரு கணினி.

என் வேலையைச் சொன்னால் ஆர்யெப்லோக் கடைக்காரியே சிரிப்பாள்:
கியர் மாறும் அந்த இமைப்பொழுது
எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள்.
இமைப்பொழுதுகூட இல்லை, அதில் கால்வாசி.

திருகியைக் கம்ஃபர்ட்டில் வைத்தால்
சீக்கிரமே மேல் கியருக்கு ஏறிக்கொண்டு
வயிறு நிறைந்த பூனை மாதிரி முனகும்.
ஸ்போர்ட் என்றால் அதே எந்திரம்
கீழ் கியரை விடாமல் பல்லைக் கடித்து நிற்கும்,
பாதம் ஒன்று கேட்டால் இரண்டாகப் பதில் சொல்லும்.
டிராக் என்று இன்னொன்று.
"இனி உன் பாடு" என்று கையைக் கட்டிக்கொள்ளும் அது.
பனியில் அதைத் தொட்டவர்கள்
மூக்கெது வாலெது என்று தெரிவதற்குள்
மூன்று தரம் சுழன்றிருப்பார்கள்.

உள்ளே இரண்டு கிளட்ச்.
ஒற்றைப்படைக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று.
மூன்றில் ஓடும்போதே
அடுத்ததை ஓசையில்லாமல் கோத்து வைத்திருக்கும்.
நான்கா, இரண்டா?
உங்களைப் பார்த்துத்தான் ஊகிக்கிறது:
கால் அழுத்தம், வளைவு,
போன நிமிடம் நீங்கள் இருந்த மனநிலை.
சரியென்றால் மாறியதே தெரியாது.
தவறென்றால்
கோத்ததை அவிழ்த்து மற்றதைக் கோக்க வேண்டும்.
அந்தத் தடுமாற்றத்தைத்தான்
ஐந்து குளிர்காலமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாயன்று ஜெர்மனியிலிருந்து டால்கே வந்தார்.
விமான நிலையத்தில் வாங்கிய குல்லாய்,
விலைச்சீட்டு காதருகே ஆடியது.
ஸ்போர்ட்டில் நான்கு சுற்று ஓட்டி இறங்கி,
கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
"மாறுகிறதா என்ன? ஒன்றுமே தெரியவில்லையே."
நான் பூரித்துப்போனேன்.
அது புகாரென்று புரிய
காபி ஆறும் நேரம் பிடித்தது.
"இவ்வளவு கொடுத்து வாங்குபவனுக்கு
முதுகில் ஒரு குத்தாவது வேண்டாமா?"

ஆக, அன்றிரவு குத்து எழுதினேன்.
ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது கொஞ்சம்.
கிளட்ச்சைச் சற்றுக் கடுமையாகக் கடிக்கவிட்டு,
புகைக்குழாயில் ஒரு வெடிச்சத்தம்.
எந்திரத்துக்கு இது எதுவும் தேவையில்லை.
பொய்யென்றும் சொல்ல முடியாது,
உட்கார்ந்திருப்பவனின் விலா நிஜமாகத்தானே அதிர்கிறது.

பதினொன்றரைக்கு ஏஸ்கில் அழைத்தான்.
லூலேயோ வீடு விலைபோயிற்றாம், என் கையெழுத்து வேண்டுமாம்.
சரி என்றேன்.
படகு?
நீயே வைத்துக்கொள் என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
"பதினோரு வருஷம், இல்வா.
எப்போது வருந்தினாய், எப்போது விட்டுவிட்டாய்,
ஒரு தடவைகூட எனக்குத் தெரிந்ததில்லை."
நான் நான்கைக் கோத்து வைத்திருந்தேன்.
அவன் கால் பிரேக்கில் இருந்திருக்கிறது.

போனை வைத்துவிட்டு
சிக்ஸ்டனிடம் கேட்காமல் ஏரியில் இறங்கினேன்.
ஸ்டியரிங்கின் இடப்பக்கத் துடுப்பை இழுத்தேன்,
மூன்றிலிருந்து இரண்டுக்கு.
மறுத்தது.
சுற்று அதிகம், நொறுங்கிவிடும் என்று ஒரு சின்ன மணி.
அந்த மணியை வைத்தவளும் நான்தான்.
வேகம் தணியும்வரை இருந்து
மறுபடி இழுத்தேன்.

குத்தியது.
வால் ஒரு கணம் வழுக்கி நேரானது.
யாருமில்லாத இருட்டில் உரக்கவே கத்திவிட்டேன்.
அடியில் எங்கோ பனி
கரையிலிருந்து கரைவரை நீளமாக விட்டது ஒரு சத்தம்.
பயப்படாதே, இறுகும்போது அப்படித்தான் என்பார் சிக்ஸ்டன்.

காலையில் டால்கேக்குக் கோப்பை அனுப்பினேன்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதியது:
இறங்கும் கியரில் பத்து சதவீதம் குறைத்திருக்கிறேன்.
வலிக்கிறது.