பத்தாவது எழுத்து

டிக்கோயா வீதியில், இம்தியாஸின் கராஜுக்கு முன்னால்,
மூடிய பொனட்டின் மேல் தூறல் முத்து முத்தாய் நிற்கிறது.
திறந்தால் உள்ளே இன்னும் சூடு,
நோர்வூட்டிலிருந்து ஏறிவந்த சூடு.

எஞ்சினுக்குப் பின்னால் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
மேலே வெள்ளைத்தாளை ஒட்டி
பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறேன்.
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய்
எழும்பி வருகிறார்கள் பதினேழு பேர்.

முதல் மூவர் ஊரைச் சொல்வார்கள்: கொரியா.
அடுத்தவர்கள் உடம்பைச் சொல்வார்கள்,
கதவு எத்தனை, எஞ்சின் எது.
கடைசி ஆறு பேர் வரிசையில் நின்ற இடத்தை.
வயசைச் சொல்லவேண்டியவர் பத்தாமவர்.

ஐ, ஓ, கியூ மூவருக்கும் இந்த வரிசையில் இடமில்லை.
ஒன்று போலவும் பூஜ்யம் போலவும் இருந்த குற்றம்.
கொழும்பில், பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது
ஏசி அறை முழுக்கச் சிரித்தது.
எனக்கு ஏனோ வரவில்லை.

எழுத்துகள் முப்பது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும்.
வி என்றால் தொண்ணூற்றேழு.
இல்லையென்றால் இரண்டாயிரத்து இருபத்தேழு,
அது பிறக்க இன்னும் பதின்மூன்று வருஷம் கிடக்கிறது.
வை என்றால் இரண்டாயிரம்.

புத்தகத்தில் இரண்டாயிரம் என்றுதான் இருக்கிறது.
தாளிலும் வைதான்.
ஆனால்
வி-க்குக் கால் வைத்தால் வை.
அந்தக் கால் மட்டும்
மற்றப் பதினாறு பேரையும்விட ஆழம்,
கொஞ்சம் நொண்டல்.

லோகிதராஜா பக்கத்தில் நின்று
சாவியை விரலில் சுற்றுகிறார்.
"நான் வாங்கும்போதே ரெண்டாயிரம்தான், மிஸ்."
நம்புகிறேன்.
அவருக்கு விற்றவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.
வாங்க வந்த புஷ்பகாந்தன்
டயரை உதைத்துப் பார்க்கவில்லை, தடவிப் பார்க்கிறான்.
டிசம்பரில் மலை சீசன் தொடங்கும்,
நல்லதண்ணிக்கு ஹயர் ஓடவேண்டும்.
பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு
கம்பனி ஒரு சதமும் தராது.

முன்சீட்டில் முழங்காலிட்டு
சீட் பெல்ட்டை அடிவரைக்கும் இழுக்கிறேன்.
அங்கே நகத்தளவு துணி தைத்திருக்கும்.
உளி பிடித்தவனுக்கு ஊசியின் ஞாபகம் வருவதில்லை.
97.
பக்கத்தில் அழிந்துபோன ஏதோ மாதம்,
யாரோ பிள்ளை சிந்திய பிஸ்கட் தூள்.

தவமலர் அக்காவைக் குவைத்துக்கு அனுப்பும்போது
ஏஜன்சிக்காரர் கேட்டது ஒரு நீலப் பேனாதான்.
பதினெட்டு இருபத்தொன்றாகியது
எங்கள் வீட்டு மேசையில், ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள்.
அம்மாதான் லாம்பைக் கிட்டப் பிடித்தாள்.
அவளுக்கு மூன்று கூட்டினார்கள்,
இதற்கு மூன்று குறைத்திருக்கிறார்கள்.
இரண்டையும் நேர் செய்துவிட முடியாது.
முத்திரை குத்திய கந்தோரில்
யாராவது ஒருவர்
தாளைவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

படிவத்தில் எழுதுகிறேன்: 1997.
சாவி சுற்றுவது நிற்கிறது.
புஷ்பகாந்தன் டயரிலிருந்து கையை எடுத்து
காற்சட்டையில் துடைக்கிறான், இரண்டு தரம்.
இம்தியாஸ் மட்டும்
"ஓடும் மிஸ், நல்லா ஓடும்" என்கிறான்.
ஓடும். இல்லை என்று நான் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.

பொனட்டை மூடிய அதிர்ச்சியில்
தூறல் முத்தெல்லாம் ஒரே கோடாய் வழிகிறது.
தாளை நாலாக மடித்துக் கோப்பில் வைத்தேன்.
கொட்டகலை பஸ்ஸில் டிக்கட் வாங்கும்போது
கட்டைவிரல் பட்ட இடத்தில்
தேதி கறுத்துப்போனது.